பி.எம். கிசான் தவணை வரவில்லையா? எதை முதலில் பார்ப்பது, யாரிடம் போவது

மத்திய அரசு விவசாயக் குடும்பங்களுக்குத் தரும் பி.எம். கிசான் உதவித் தொகையில் பக்கத்துத் தோட்டக்காரருக்கு 2,000 ரூபாய் ஏறிவிட்டது, நமக்கு ஏறவில்லை என்றதும் எல்லோரும் முதலில் போவது வங்கிக்கு. அங்கே பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இன்னும் வரலை" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். பணம் டெல்லியிலிருந்து கிளம்பவே இல்லை என்றால் வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது.

கிராமத்தில் பலருக்கு இந்த வேலையைக் கூட இருந்து முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆவணம் இல்லாமல் நின்றவர்களைவிட, வரிசை தெரியாமல் அலைந்தவர்களே அதிகம். நிலத்தில் சிக்கல் இருப்பவர் கைரேகை வைக்கப் போகிறார். வங்கி இணைப்பு அறுந்தவர் கிராம நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் காத்திருக்கிறார். இதைத் தவிர்க்க, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000. இது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். ஒரே வீட்டில், ஒரே ரேஷன் அட்டையில் இருந்தாலும், 18 வயது தாண்டி, நிலம் தன் பெயரிலேயே இருக்கும் மகன் தனிக் குடும்பம்தான்.

இந்த வரையறை இரண்டு பக்கமும் வேலை செய்யும். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர், நிலம் மனைவி பெயரில் என்றால் மனைவிக்குக் கிடைக்காது. ஆனால் வேலைக்குப் போன மகன் அரசு ஊழியர் என்பதற்காக அப்பாவுக்கு நிறுத்த முடியாது. மகன் அந்தக் குடும்பக் கணக்கில் வரமாட்டார். இதைத் தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்ட பெற்றோர்கள் நிறைய.

குடும்பத்தில் யாராவது ஒருவர் கீழே சொல்பவர்களில் அடங்கினாலும் தகுதி இல்லை: அரசு, பொதுத்துறை, உள்ளாட்சி நிரந்தர ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், ஆடிட்டர், கட்டடக் கலைஞர், இன்றைய, முன்னாள் அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், மாவட்ட ஊராட்சித் தலைவர். கடைநிலை ஊழியர்களுக்கு, அதாவது நான்காம் பிரிவினருக்கு, வேலையிலும் ஓய்வூதியத்திலும் விலக்கு உண்டு.

இதில் அடிக்கடி குழப்பம் வரும் இடம் வருமான வரி. வங்கிக் கடனுக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்தவர்கள் பயந்துபோய் விடுகிறார்கள். விதி சொல்வது வரி கட்டியவரை. தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்று முடிந்திருந்தால் அது தடை அல்ல.

எத்தனை ஏக்கர் என்ற உச்சவரம்பு இப்போது இல்லை. தொடக்கத்தில் இருந்த 2 ஹெக்டேர் வரம்பு 2019-லேயே நீக்கப்பட்டது. ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் செய்பவருக்கும், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கும் இந்தப் பணம் கிடைக்காது. வியர்வை சிந்துபவர் அவர்தான் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும் இன்றைய விதி அதுதான். அவர்களை வீணாக அலையவிடுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2. கிளம்பும் முன் ஆதாரில் உள்ள கைபேசி எண்ணைச் சரிபாருங்கள்

அடுத்து வரும் ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் ஆதாருடன் இணைந்த கைபேசிக்குத்தான் ஓ.டி.பி. வரும். அந்த சிம் பழையது, தொலைந்துபோனது, அல்லது ஊரில் இல்லாத மகனுடையது என்றால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். எண்ணை ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். தபால்காரர் மூலமும் செய்யலாம். இதற்குச் சில நாள் ஆகும் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

அப்புறம் ஒரு பையில் இவற்றை வையுங்கள்: ஆதார் அட்டை, கணவன் மனைவி இருவருடையதும், சமீபத்தில் எடுத்த பட்டா சிட்டா நகல், கிரையப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், வரவு பதிந்த வங்கி பாஸ்புக். நிலம் வாரிசாக வந்தது என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேர்த்து.

பட்டா நகலைத் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பீரோவில் இருக்கும் பழைய கையெழுத்துப் பட்டா இதற்கு உதவாது. அலுவலர் ஒப்பிட்டுப் பார்ப்பது கணினியில் உள்ள பட்டாவைத்தான்.

3. தடை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

பி.எம். கிசான் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்ற பொத்தான் இருக்கும். அது பதிவு எண் கேட்கும். பதிவு எண் தெரியாவிட்டால் அதே பக்கத்தில் கைபேசி எண்ணையோ ஆதாரையோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த எண்ணை உடனே பாஸ்புக்கின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். இனி எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

உள்ளே போனதும் கண் தேட வேண்டியது மூன்று வரிகளை. லேண்ட் சீடிங் (நில இணைப்பு), இ-கே.ஒய்.சி. (ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்வது), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு). ஒவ்வொன்றின் எதிரிலும் 'யெஸ்' அல்லது 'நோ' இருக்கும்.

'நோ' என்று இருப்பது எதுவோ அதுதான் உங்கள் வேலை. லேண்ட் சீடிங்குக்கு நான்காம் பகுதி, இ-கே.ஒய்.சி.க்கு ஐந்து, வங்கிக்கு ஆறு. இரண்டு மூன்று 'நோ' இருந்தால் நிலத்தில் ஆரம்பியுங்கள், அதுதான் அதிக நாள் எடுக்கும். மூன்றும் 'யெஸ்' என்றால் நேராக ஏழாம் பகுதிக்குப் போய்விடலாம்.

இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "பணம் வரலைங்க" என்று சொல்லிக்கொண்டு நிற்பவருக்கும், "லேண்ட் சீடிங் நோன்னு இருக்குங்க" என்று தாளை நீட்டுபவருக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் வேறு.

4. நிலம் இணையவில்லை என்றால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், நேரம் அதிகம் பிடிப்பதும் இங்கேதான். லேண்ட் சீடிங் என்பது உங்கள் பதிவோடு உங்கள் பெயரில் உள்ள புல எண்ணை (சர்வே எண்) வருவாய்த் துறைப் பதிவிலிருந்து பொருத்துவது. இதை நீங்களே இணையத்தில் செய்துவிட முடியாது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், பதிவு எண், ஆதார், பட்டா சிட்டா நகலைக் கொடுக்க வேண்டும். நில விவரத்தில் சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்புவார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் போலிப் பதிவுகள் நுழைந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போனது. அதன் பிறகு நிலத்தைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பொருத்தம் நடக்காததற்கு நான் பார்த்த காரணங்களைச் சொல்கிறேன். உங்களுடையது எது என்று பாருங்கள்.

பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கிறது. இதுதான் முதலிடம். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு இருபது வருடமாக உழுகிறார்கள், ஆனால் ஏட்டில் ஒரு மாற்றமும் இல்லை. இவர்கள் வேளாண் அலுவலகத்தில் எத்தனை முறை மனுக் கொடுத்தாலும் பயனில்லை. முதலில் பட்டா மாறுதல். இ-சேவை மையத்தில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு விண்ணப்பித்தால் வாரிசுகள் எல்லோர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா கிடைக்கும். தனித் தனியாக வேண்டும் என்றால் பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம்.

நல்ல செய்தி, பி.எம். கிசானுக்குத் தனிப் பட்டா கட்டாயம் அல்ல. கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் இருந்தால் போதும். அதில் உள்ள ஒவ்வொரு பங்காளியின் குடும்பமும் தனித்தனியாகத் தகுதி பெறும். உட்பிரிவுக்காகக் காத்திருந்து தவணைகளை விடாதீர்கள்.

பெயர் ஒத்துப்போகவில்லை. பட்டாவில் 'முத்துச்சாமி மகன் கந்தசாமி' என்று இருக்கும். ஆதாரில் 'கந்தசாமி எம்.' என்றோ, இனிஷியலே இல்லாமலோ இருக்கும். பெண்களுக்குக் கணவர் பெயரா தந்தை பெயரா என்ற சிக்கல் கூடுதலாக உண்டு. எழுத்து வேறுபாடு சிறியது என்றால் அலுவலரே தந்தை பெயரையும் புல எண்ணையும் வைத்து அடையாளம் கண்டுகொள்வார். ஆளே வேறு என்று தோன்றும் அளவுக்கு மாறியிருந்தால், எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். வங்கி, ரேஷன், ஓட்டு அட்டை எல்லாம் ஆதாரோடு ஒத்திருந்தால் பட்டாவைத் திருத்துங்கள். ஆதாரைத் திருத்தினால் மற்ற எல்லா இடத்திலும் புதிய பொருத்தமின்மை முளைக்கும். இதற்காக அவசரப்பட்டு ஆதாரில் பெயரை மாற்றி, அடுத்து வங்கியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொன்று, தேதி. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் அளவுகோல். அதற்குப் பிறகு உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தது என்றால் ஏற்பார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது, புதிதாகக் கிரையம் வாங்கியது எல்லாம் சந்தேகப் பட்டியலில் விழும். 'ஆளுக்கு ஒரு ஏக்கர் எழுதி வைத்தால் எல்லோருக்கும் பணம் வரும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதி வைத்த குடும்பங்களில், மகனுக்கும் வராமல், நிலம் கைமாறியதால் அப்பாவுக்கும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். 6,000 ரூபாய்க்காகச் சொத்தை மாற்றி எழுதாதீர்கள்.

கடைசியாக, நிலத்தின் வகை. பட்டா இருந்தும் அது குடியிருப்பு நத்தமாகவோ, மனைப் பிரிவாகவோ இருந்தால் விவசாய நிலமாகக் கணக்கில் வராது. நன்செய் அல்லது புன்செய் என்று சிட்டாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இ-கே.ஒய்.சி. முடிப்பது

மூன்று வழி உண்டு. கைபேசி ஆதாருடன் இணைந்திருந்தால் இணையதளத்திலேயே ஓ.டி.பி. வைத்து முடிக்கலாம், சில நிமிட வேலை. இல்லையென்றால் சி.எஸ்.சி. என்று சொல்கிற பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மூன்றாவது, பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்வது.

வயதானவர்களுக்கும், களை பறித்துக் கரடுமுரடாகிப்போன விரல்களுக்கும் கைரேகை பெரும்பாலும் விழாது. அவர்களைத் திரும்பத் திரும்ப மையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். முக அடையாளம்தான் அவர்களுக்குச் சரி. ஸ்மார்ட்போன் அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, நம்பிக்கையான ஒருவரின் செயலியிலிருந்தே மற்ற விவசாயிகளுக்கும் செய்து கொடுக்கலாம். நல்ல வெளிச்சத்தில், பின்னால் ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார வையுங்கள். ஆதார் முக அடையாளத்துக்கான துணைச் செயலியும் அதே கைபேசியில் நிறுவியிருக்க வேண்டும்.

முடிந்த கையோடு 'யெஸ்' என்று மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

6. வங்கிக் கணக்கு: எண்ணைப் பார்த்துப் பணம் வருவதில்லை

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் வங்கிச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்கு இப்போது பணம் அனுப்புவதில்லை. உங்கள் ஆதார் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆதார் எந்த வங்கியைக் காட்டுகிறது என்ற பட்டியல் என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்திடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கடைசியாக ஏறிய வங்கி எதுவோ, அங்கேதான் பணம் போய் விழும்.

அதனால் இரண்டு வகைத் தொல்லை வருகிறது. ஒன்று, பட்டியலில் எந்த வங்கியும் இல்லை, பணம் திரும்பிவிடுகிறது. மற்றொன்று, பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, ஆனால் எப்போதோ நகைக் கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ திறந்து மறந்துபோன வேறொரு கணக்கில். "ஒரு வருடமாக வரவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் இருக்கும் எல்லா பாஸ்புக்கையும் எடுத்து வந்து வரவு போடச் சொல்வதுதான்.

எந்த வங்கி என்று பார்க்க, மை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. வைத்து உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதைத் திறங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

இணைப்பு இல்லை அல்லது வங்கியை மாற்ற வேண்டும் என்றால் கிளைக்குப் போய், என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "ஆதாரை இணைக்கணும்" என்று மட்டும் சொன்னால், "ஏற்கெனவே இணைச்சிருக்கே" என்று அனுப்பிவிடுவார்கள். கணக்கின் கே.ஒய்.சி.யில், அதாவது வங்கி வைத்திருக்கும் அடையாள விவரத்தில், ஆதார் எண் இருப்பது வேறு, என்.பி.சி.ஐ. பட்டியலில் ஏற்றுவது வேறு. "டி.பி.டி. பணம் வர, என்.பி.சி.ஐ. மேப்பிங் செய்ய வேண்டும்" என்று சொல்லி (டி.பி.டி. என்பது அரசு உதவி நேரடியாகக் கணக்கில் ஏறுவது), அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். என்.பி.சி.ஐ. இணையதளத்திலும் இதைச் செய்யும் வசதி இருக்கிறது, பல வங்கிகள் அதில் சேர்ந்துள்ளன.

சில நாள் கழித்து அதே ஆதார் பக்கத்தில் மறுபடி பாருங்கள். வங்கிக்காரர் முடிந்துவிட்டது என்று சொன்னதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அதிகம் இழுபறி ஆகும் இடத்தில் நான் சொல்லும் வழி, தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குவது. தபால்காரரே வீட்டுக்கு வந்து தொடங்கித் தருவார், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, டி.பி.டி. இணைப்பையும் சேர்த்தே செய்யச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: அப்படி இணைத்த பிறகு முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலைக் கூலி, எரிவாயு மானியம் என ஆதார் வழியாக வரும் எல்லாமே புதிய கணக்குக்குத் திரும்பிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கிளப்பியதாகிவிடும்.

கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு ஆண்டு நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆதாரைக் கொண்டுபோய் கே.ஒய்.சி. புதுப்பித்தால் திரும்ப உயிர் வரும். முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. அரசு நலத்திட்டப் பணத்துக்கு இருப்பு வரம்பு பொருந்தாது என்பது விதி, அதைக் காரணம் காட்டி 2,000 ரூபாயைத் திருப்பினால் கிளையில் கேளுங்கள்.

பணம் ஏறிய உடனே குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் என்று பிடித்துவிட்டால், அந்தக் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். அதற்கு இருப்பு நிபந்தனை கிடையாது.

7. மூன்றும் சரி, ஆனாலும் பணம் இல்லை

முதலில், தவணை நாளுக்காக அவசரப்படாதீர்கள். ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச் என்று காலம் பிரித்திருந்தாலும், பணம் விடுவிக்கும் நாள் நிலையானது அல்ல. 20-ஆவது தவணை 2025 ஆகஸ்ட் 2 அன்றுதான் வந்தது. 21-ஆவது நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது. விடுவித்த நாளுக்குப் பிறகும் ஒரு வாரம் பொறுங்கள்.

அப்புறம் நிலைப் பக்கத்தில் கடைசித் தவணை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மாநில ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்றால் கோப்பு இங்கேயே இருக்கிறது, வேளாண் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆர்.எஃப்.டி. (பணம் அனுப்பக் கோரும் மாநிலத்தின் கடிதம்) கையெழுத்தானது என்றால் மாநிலம் தன் வேலையை முடித்துவிட்டது. எஃப்.டி.ஓ. (பணம் அனுப்பும் உத்தரவு) உருவானது, உறுதிப்படுத்தல் நிலுவையில் என்றால் பணம் வழியில் இருக்கிறது, காத்திருந்தால் போதும். பணம் திரும்பியது என்று காரணம் போட்டிருந்தால் அது வங்கிப் பக்கம், ஆறாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

மூன்றும் சரியாக இருந்து, தகுதி என்ற இடத்தில் மட்டும் நிறுத்தம் காட்டினால் பெரும்பாலும் நேரடி ஆய்வுக்காக வைத்திருக்கிறார்கள். 2025-இல் மத்திய வேளாண் துறை இரண்டு வகையினரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது: 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெற்றவர்கள், கணவனும் மனைவியும் என ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் தவணை வாங்கியவர்கள். இருவரும் வாங்கியிருந்தால் ஒருவர் விலகிக்கொள்வதே நேர்மையான வழி, இணையதளத்திலேயே தானாக விட்டுக்கொடுக்கும் வசதி உண்டு. நிலம் வாரிசாக வந்ததால் தேதி மாறியவர்கள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு வேளாண் அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும்.

கவலைப்படுபவர்களுக்கு ஒன்று. இ-கே.ஒய்.சி., நில இணைப்பு, வங்கி இணைப்பு ஆகியவற்றால் நின்றுபோன தவணைகள், குறையைச் சரிசெய்த பிறகு நிலுவையாகச் சேர்ந்து வரும். போனது போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

8. புதிதாகப் பதிபவர்கள்

முதலில் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை வாங்குங்கள். வேளாண் துறை முகாமிலோ பொதுச் சேவை மையத்திலோ ஆதாரையும் புல எண்களையும் வைத்து இலவசமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு இதைக் கேட்கிறார்கள். இதை வாங்கும்போதே நிலம் பொருந்திவிடுவதால் பின்னால் வரும் லேண்ட் சீடிங் சிக்கலும் குறைகிறது.

அதன் பிறகு பி.எம். கிசான் தளத்தில் புதிய பதிவு. பெயரை ஆதாரில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். புல எண், உட்பிரிவு எண், பரப்பு மூன்றையும் சிட்டாவைப் பார்த்து எழுதுங்கள். ஏக்கர் கணக்கில் யோசித்து ஹெக்டேர் கட்டத்தில் போட்டுவிடுவது மிக வழக்கமான தவறு. சிட்டாவில் இருப்பது ஹெக்டேர்-ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்). வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று நிலை ஒப்புதல் உண்டு. எந்த நிலையில் நிற்கிறது என்பதை அதே தளத்தில் பார்க்கலாம்.

ஏற்கெனவே பதிவு உள்ளவர் பணம் வரவில்லை என்று இரண்டாவது முறை புதிதாகப் பதியக் கூடாது. அதே ஆதாரில் மறு பதிவு ஏறாது, நாள்தான் வீணாகும்.

9. புகார் செய்வது

உதவி எண்கள் 155261, 011-24300606. கிசான் இ-மித்ரா என்ற உரையாடல் வசதி தமிழிலும் பதில் சொல்கிறது, நிலை பார்ப்பதற்கு அது போதும். ஆனால் நிலச் சிக்கல் தொலைபேசியில் தீராது.

அதற்குச் சரியான இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நாள் அது. ஒருவர் மற்றவரிடம் போகச் சொல்லி அனுப்ப முடியாது. மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: பதிவு எண், புல எண், எது 'நோ', எந்தத் தேதியில் யாரிடம் என்ன கொடுத்தீர்கள், இவ்வளவுதான். நிலைப் பக்க அச்சையும் பட்டாவையும் பின்னால் இணைத்து, மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

10. ஏமாற்றுக்காரர்கள்

'பி.எம். கிசான் ஏ.பி.கே.' என்று வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு வந்தால் தொடவே கூடாது. திறந்தால் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.களை எல்லாம் படித்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம், அவர் கைபேசியும் ஏற்கெனவே அவர்கள் கையில் போயிருக்கலாம். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். தவணை விடுவித்துத் தருகிறேன் என்று தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்கும் அரசு அலுவலர் யாரும் இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

11. பயனாளி இறந்துவிட்டால்

அப்பா இறந்த பிறகும் அவர் கணக்கில் தவணை விழுந்துகொண்டிருந்தால் எடுத்துச் செலவழிக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கேட்பார்கள். வேளாண் அலுவலகத்தில் இறப்புச் சான்று நகல் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் இணையதளத்தில் திருப்பிச் செலுத்தும் வழி இருக்கிறது.

அப்பாவின் பதிவை அம்மா பெயருக்கு மாற்றித் தருவதில்லை. அம்மாவோ பிள்ளைகளோ புதிதாகத்தான் பதிய வேண்டும். அதற்குப் பட்டா அவர்கள் பெயரில் வந்திருக்க வேண்டும். எனவே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே பட்டா மாறுதலுக்கும் தயாராகிவிடுங்கள்.